ஆக்சிடெண்ட் ஆன பத்து நிமிஷத்துல கூப்பிடாமயே வந்து நிக்கிற ரெக்கவரி வண்டி: உஷாரா இருங்க

இத எழுதலாமா வேணாமான்னு ரொம்ப நாள் யோசிச்சேன், ஏன்னா இதுல பாதி தப்பு என் மேலதான், வண்டிய இடிச்சதும் நான், ஏமாந்ததும் நான். ஆனா போன வாரம் ஆஃபீஸ்ல ஒருத்தங்க சென்னைலேருந்து தெற்க போற அதே ஜிஎஸ்டி ரோட்டுல அச்சு அசலா இதே மாதிரி மாட்டிக்கிட்டேன்னு சொன்னதும், சரி, எழுதியே ஆகணும்னு தோணிச்சு.

கார்த்திகை தீபம் முடிஞ்சு விழுப்புரத்துலேருந்து தாம்பரம் திரும்பிட்டிருந்தோம், நான் ஓட்டினேன், பக்கத்துல அப்பா. திண்டிவனம் தாண்டி ஒலக்கூர் கிட்ட வரப்போ லேசா தூறல். முன்னாடி ஒரு குட்டியானை லோடு வண்டி போயிட்டிருந்தது, மீடியன் கேப்புல ஒரு பைக் திடீர்னு குறுக்க வர, அவர் பிரேக் அடிச்சார், நானும் அடிச்சேன், ஈர ரோடு, வழுக்கிட்டு போய் அவர் பின்னாடி சொருகிட்டேன். பெரிய ஸ்பீடு இல்ல, ஏர்பேக் கூட விரியல. ஆனா பானெட் கூடாரம் மாதிரி நிமிந்துடுச்சு, இடது ஹெட்லைட் போச்சு, ரேடியேட்டர்லேருந்து பச்சைத் தண்ணி ரோட்ல ஓடுது. அப்பாவுக்கு நெத்தில சின்ன வெட்டு, ரத்தம் வருது, எனக்கு கை நடுங்கறது நிக்கவே இல்ல. குட்டியானை அண்ணன் இறங்கி வந்து, பின் டோர் நசுங்கினத பாத்துட்டு "பாத்து வரக்கூடாதாம்மா"ன்னார், அவ்ளோதான், அப்பா 2,000 குடுத்தார், வாங்கிட்டு கிளம்பிட்டார். அவர் வண்டி நம்பர நான் நோட் பண்ணல. இது முதல் தப்பு. அப்புறம் சேதத்த கணக்கு பாக்க இன்சூரன்ஸ்லேருந்து வந்த சர்வேயர் "எதிர் வண்டி நம்பர் என்ன மேடம்"னு கேக்கறப்போ பேந்தப் பேந்த முழிச்சேன்.

இப்போ மேட்டருக்கு வரேன். நான் யாருக்கும் ஃபோன் பண்ணல, இன்சூரன்ஸுக்கும் பண்ணல, பத்து நிமிஷம் கூட ஆகியிருக்காது, மஞ்ச லைட் சுத்திக்கிட்டு ஒரு ரெக்கவரி வண்டி வந்து நிக்குது. யார் சொல்லி வந்தான்னு இன்னி வரைக்கும் தெரியாது. இறங்கின பையனுக்கு 25 வயசு இருக்கும், ரொம்ப மரியாதை. என்கிட்ட பேசவே இல்ல, நேரா அப்பாகிட்ட போய் "ஐயா, உக்காருங்க ஐயா, தண்ணி குடிங்க"ன்னு பாட்டில நீட்றான். அந்த நேரத்துல அது எவ்ளோ ஆறுதலா இருந்துச்சுன்னு சொன்னா புரியாது, நடு ரோட்ல நின்னு பாத்தவங்களுக்குத்தான் தெரியும். அப்புறம் மெதுவா ஆரம்பிச்சான்: "ஐயா, ஹைவே பேட்ரோல் வந்தா வண்டி ஸ்டேஷனுக்குப் போயிடும், ஆர்டிஓ பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பாக்கற வரைக்கும் வெளிய வராது, ஒரு வாரம், பத்து நாள் ஆகும். நம்ம ஷெட்டு பக்கத்துலதான், எல்லா இன்சூரன்ஸும் நமக்கு டையப், கேஷ்லெஸ்ல முடிச்சிடலாம்."

இதுல முழுப் பொய்யுன்னு எதையும் சொல்ல முடியாது, அதான் அவங்க சாமர்த்தியம். கேஸ்னு ஆனா பிரேக் இன்ஸ்பெக்டர் பாத்து ரிப்போர்ட் குடுக்கணும்ங்கறது நிஜம்தான். ஆனா பேட்ரோல் வந்தாலே வண்டி உள்ள போயிடும்னு ஒண்ணும் இல்ல. அந்த பயத்த வெச்சே நம்மள அவசரப்படுத்தறாங்க. டோல் கட்ற நேஷனல் ஹைவேல 1033ன்னு ஒரு நம்பர் இருக்கு, ரோந்து வண்டி, ஆம்புலன்ஸ், கிரேன் மூணும் அதுல வரும், ரோட்ட மறிச்சு நிக்கிற வண்டிய பத்திரமா ஓரம் கட்ட நம்மகிட்ட காசு கேக்க மாட்டாங்க. டோல் சாவடில எழுதிப் போட்டிருக்கத நூறு தடவ கடந்து போயிருக்கேன், ஒரு தடவ கூட படிச்சதில்ல.

"எவ்ளோப்பா ஆகும்?"னு நான் கேட்டேன். "அது பாத்துக்கலாம்க்கா, முதல்ல ஐயாவ ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போங்க." அந்த "பாத்துக்கலாம்" ஒரு வார்த்தைக்கு நான் குடுத்த விலை கீழ வருது.

சாவிய வாங்கினான், வண்டிய ஏத்தினான், ஏத்தறதுக்கு முன்னாடி அப்பாகிட்ட ஒரு ஃபார்ம்ல கையெழுத்து கேட்டான். "வண்டிய எடுத்துக்கிட்டதுக்கு, ஒண்ணுமில்ல ஐயா." நான் பேக எடுத்துட்டு வரதுக்குள்ள அப்பா போட்டுட்டார். அது எதுவுமே எழுதாத க்ளெய்ம் ஃபார்ம். வண்டி என் பேர்ல இருக்கு, அப்பா கையெழுத்து செல்லாது, அதனால மட்டும்தான் தப்பிச்சேன். ஆர்.சி, லைசென்ஸ், பாலிசி எல்லாத்தையும் வாட்ஸப்புல அனுப்பச் சொன்னான், அனுப்பினேன். ஆமா, அனுப்பினேன், திட்டறவங்க திட்டிக்கோங்க.

ஆஸ்பத்திரி பத்தி மட்டும் நல்லதா ஒண்ணு சொல்லணும். திண்டிவனம் ஜிஎச்ல நாலு தையல், டிடி ஊசி, ஏ.ஆர்.னு ஆக்சிடெண்ட் ரிஜிஸ்டர் எழுதிக்கிட்டாங்க, பைசா கேக்கல. பெரிய அடியா இருந்தா நம்மைக் காக்கும் 48 திட்டம் இருக்கு, 2021 டிசம்பர்லேருந்து நடக்குது, தமிழ்நாட்டு எல்லைக்குள்ள அடிபட்ட யாரா இருந்தாலும் முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு, ஒரு வரம்பு வரைக்கும், திட்டத்துல இருக்கிற ஆஸ்பத்திரில, பிரைவேட்டா இருந்தாலும், காசு வாங்கக் கூடாது. 108க்கு அடிச்சா அவங்களே அந்த மாதிரி ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போவாங்க. ஏ.ஆர். நம்பர எழுதி வெச்சுக்கோங்க, பின்னாடி க்ளெய்முக்கு கேப்பாங்க.

மறுநாள் இன்சூரன்ஸுக்கு ஃபோன் பண்ணா, அந்த ஷெட் அவங்க நெட்வொர்க்லயே இல்ல. கேஷ்லெஸ் கிடையாது, நாம கட்டிட்டு அப்புறம் வாங்கிக்கணும். ஷெட்டுலேருந்து வந்த எஸ்டிமேட் 1,46,000. 50 ஆயிரத்துக்கு மேல போற க்ளெய்ம்னா சர்வேயர் பாக்கணும், அவர் வரதுக்குள்ளயே முன்பக்கம் மொத்தத்தையும் பிரிச்சுப் போட்டு வெச்சிருக்காங்க. சர்வேயர் கடுப்பாயிட்டார், "நான் பாக்காம யாரு கழட்டச் சொன்னது?" நான் சொல்லலையே சார்! லிஸ்ட்ல ரெண்டு ஹெட்லைட்டும் இருக்கு. வலது ஹெட்லைட் உடைஞ்சு தரைல கிடக்கு. அது இடிச்சப்போ நல்லாத்தான் இருந்துச்சு.

எப்படி நிரூபிக்கிறது? ஸ்பாட்ல நான் ஒரு ஃபோட்டோ கூட எடுக்கல. ஆனா அப்பா எடுத்திருந்தார். ரத்தம் வழியற நெத்தியோட காருக்கு முன்னாடி நின்னு ஒரு செல்ஃபி, ஃபேமிலி குரூப்ல "யாரும் பயப்பட வேண்டாம், சின்ன இடி"ன்னு போட்டு, அதுக்கு அத்தை எல்லாரும் அழுற ஸ்மைலியா போட்டு வெச்சிருந்தாங்க. அதுல அப்பா தோளுக்குப் பின்னாடி வலது ஹெட்லைட் முழுசா, எரிஞ்சிட்டே இருக்கு. சர்வேயர்கிட்ட காட்டினேன். மனுஷன் சிரிச்சிட்டார்.

அதுக்கு மேல அங்க வெச்சிருக்க முடியாதுன்னு, தாம்பரத்துல கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு எடுத்துட்டுப் போறேன்னு சொன்னேன். அப்போதான் அந்த மரியாதை பையனோட முதலாளி வெளிய வரார். கணக்கு இப்படி: 14 கிலோமீட்டர் இழுத்ததுக்கு 9,500, ஒரு நாளைக்கு 500ன்னு 9 நாள் யார்ட் வாடகை 4,500, பிரிச்ச லேபர் 6,000, எஸ்டிமேட் போட்டதுக்கு 5 பர்சென்ட் 7,300. மொத்தம் 27,300. எஸ்டிமேட்டுக்கு காசாங்க? எந்த ஊர் நியாயம்? "நீங்க இங்க வேலைய குடுத்திருந்தா இதெல்லாம் வாங்கியிருக்க மாட்டேன்மா"ன்றார். வண்டி கேட்டுக்கு உள்ள இருக்கு, கேட்டுல பூட்டு, சாவி அவர் பாக்கெட்ல. ஸ்டேஷன்ல போய் கேட்டா, இது உங்க ரெண்டு பேருக்குள்ள பணத் தகராறு, பேசி முடிச்சுக்கோங்கன்னாங்க. பேசிப் பேசி 19,000ல நின்னுச்சு. ஜிபே பண்ண நம்பர் வேற யாரோ ஒரு பொம்பளை பேர்ல இருக்கு. பில் கேட்டேன், பில் புக் தீந்துடுச்சாம்.

இதுல இன்சூரன்ஸ் எவ்ளோ குடுத்துச்சு தெரியுமா? 1,500. கார் பாலிசில வண்டிய இழுத்துட்டுப் போற செலவுக்கு அவ்ளோதான் வரம்பு, உங்க பாலிசிய எடுத்துப் பாருங்க, எழுதியிருக்கும். ரோட்சைட் அசிஸ்டன்ஸ்னு ஆட்-ஆன் எடுத்திருந்தா அவங்களே வண்டி அனுப்புவாங்க. என் பாலிசில அது இருந்துச்சுங்க! 600 சொச்சம் கட்டியிருக்கேன். அந்த நேரத்துல அது இருக்கறதே ஞாபகம் வரல. இப்போ அந்த நம்பர ஒரு பேப்பர்ல எழுதி சன் வைசர்ல சொருகி வெச்சிருக்கேன், ஃபோன் உடைஞ்சா கூட வேணும்ல.

சர்வீஸ் சென்டர்ல மொத்த வேலையும் 88,000. ஷெட்டுக்காரர் சொன்ன 1,46,000 எங்க, இது எங்க. நில் டெப், அதாவது தேய்மானம் கழிக்காம தர ஆட்-ஆன், இல்லாததால என் கைலேருந்து சுமார் 27 ஆயிரம் போச்சு, பிளாஸ்டிக் பார்ட்டுக்கு பாதிதான் தருவாங்க, நாலு வயசு தாண்டி அஞ்சு முடியாத வண்டிக்கு இரும்புல 35 பர்சென்ட் கழிப்பாங்க, அத நான் யார் மேலயும் சொல்ல முடியாது, ரூல் அப்படி. ஆனா அங்க மெக்கானிக் பானெட்ட திறந்துட்டு "மேடம், பேட்டரி எப்போ மாத்தினீங்க?"ன்னார். அஞ்சு மாசம் முன்னாடி புதுசு போட்டேன். எட்டிப் பாத்தா டெர்மினல்ல வெள்ளையா பூத்துப் போய், ஸ்டிக்கர் கிழிஞ்சு, ஏதோ ஆதி காலத்து பேட்டரி உக்காந்திருக்கு. டிக்கில ஸ்டெப்னி இல்ல. டாஷ்போர்டு பிள்ளையார மட்டும் விட்டு வெச்சிருந்தாங்க, பாவம், பக்தி.

இன்னொண்ணு. நாலாவது நாள் ஒரு ஃபோன், "அப்பாவுக்கு அடி பட்டிருக்கே, கேஸ் போட்டா நல்ல அமௌன்ட் வாங்கித் தரேன், ஓட்டினது நீங்கன்னு போட வேணாம், ஆள மாத்திக்கலாம்." என் நம்பர், அப்பா பேரு, ஜிஎச் போனது வரைக்கும் அவனுக்குத் தெரியுது. நான் வாட்ஸப்புல அனுப்பின பேப்பர் எங்கெங்க சுத்துதோ. இந்த மாதிரி ஆளுக்கு தலையாட்டினா அது பொய் கேஸ், கையெழுத்து போட்ட நாமதான் மாட்டுவோம், அவன் இல்ல. நிஜமாவே அடி பட்டிருந்தா நாமளே ஒரு வக்கீல பாத்து, ஆக்சிடெண்ட் நஷ்டஈடு கேஸ விசாரிக்கிற ட்ரிப்யூனல்ல போடலாம், ஆனா ஆறு மாசத்துக்குள்ள போடணும்னு 2022லேருந்து சட்டம் இருக்கு, அதனால தள்ளிப் போடாதீங்க.

1915 கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன்ல கம்ப்ளைன்ட் குடுத்திருக்கேன். பில் இருக்கான்னு கேக்கறாங்க. ஜிபே ஸ்க்ரீன்ஷாட்டும் அப்பா செல்ஃபியும் குடுத்திருக்கேன், பாப்போம்.

பொங்கலன்னிக்கு காலைல அந்த ரெக்கவரி பையன் நம்பர்லேருந்து மெசேஜ் வந்துச்சு. கரும்பு, பானை, நடுவுல அவன் கிரேன் வண்டி படம், கீழ "24 மணி நேர சேவை, மீண்டும் வருக".