ஐந்நூறு ஃபில்டர்களில் எனக்கு உதவுபவை

தாராவியில் 90 அடி சாலைப் பக்கம் ஃபிளெக்ஸ், பத்திரிகை, நோட்டீஸ் வடிவமைக்கும் சிறு கடை வைத்திருக்கிறேன். கண்ணீர் அஞ்சலிக்காக வருகிற புகைப்படங்களை ஒரு வாரம் பார்த்தால் போதும், படங்களைத் திருத்தும் இலவச மென்பொருளான ஜிம்ப்புக்கு மேலும் ஒரு பிளக்-இன் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் துணை நிரல்) எதற்கு என்று யாரும் கேட்கமாட்டார்கள். தாத்தாவின் ஒரே நல்ல படம் ஏதோ கல்யாண வீட்டுக் குரூப் போட்டோவில் இருக்கும். தோளில் மச்சான் கை, வேட்டிக்கு மேலே கேமரா அச்சிட்ட ஆரஞ்சு நிறத் தேதி. சாயங்காலத்துக்குள் ஃபிளெக்ஸ் கட்டியாக வேண்டும்.

இந்த வேலைக்கு நான் நம்பும் பிளக்-இன் ஜி-மிக். பிரான்ஸில் உள்ள ஓர் ஆய்வுக்கூடத்திலிருந்து 2008 முதல் இலவசமாக வருகிறது. நிறுவியபின் ஜிம்ப்பின் 'ஃபில்டர்ஸ்' மெனுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். திறந்தால் 500-க்கும் மேற்பட்ட ஃபில்டர்கள், அதாவது படத்தை மாற்றித் தரும் ஆயத்த வசதிகள். புதியவர்களைக் கெடுப்பதும் இதுதான். எங்கள் கடையில் வேலை பழகும் பையன் முதலில் நுழைந்தது 'ஆர்ட்டிஸ்டிக்' பகுதிக்குள். "அக்கா, எப்படி இருக்கிறது?" என்று அவன் காட்டிய மணப்பெண்ணைப் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. மேலே தேடல் பெட்டி இருக்கிறது, பிடித்ததைத் தனியாகக் குறித்துவைக்கும் வசதியும் இருக்கிறது. அவற்றைப் பயன்படுத்தி நாலைந்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

என் பட்டியலில் முதலிடம் 'ரிப்பேர்' பகுதியில் உள்ள 'இன்பெயிண்ட் பேட்ச்-பேஸ்டு'. படம் இருக்கும் லேயரை (அடுக்கை) நகல் எடுத்துக்கொண்டு, மறைய வேண்டிய இடத்தைச் சுத்தமான சிவப்பால் பூசி, ஃபில்டரை ஓட்டினால், சுற்றியுள்ள பகுதியிலிருந்து துண்டுகளை எடுத்து அங்கே நிரப்பிவிடுகிறது. பூசுவதற்குப் பிரஷ் வேண்டாம், பென்சில் கருவியை எடுங்கள். பிரஷ்ஷின் ஓரம் மங்கலாக இருப்பதால் அது முழுச் சிவப்பாகாது. ஃபில்டர் அந்த ஓரத்தைத் தொடாது, இளஞ்சிவப்புக் கோடு ஒன்று மிஞ்சிவிடும். சுவர், வேட்டி, பந்தல் துணி என்றால் வேலை நேர்த்தி. பட்டுப்புடவைக் கரையில் சுமார். முகத்தில் மட்டும் வைத்துவிடாதீர்கள். கண்ணிருந்த இடத்தைக் கன்னத்தால் நிரப்பிவிடும். பெரிய படத்தில் நெடுநேரம் யோசிக்கும், ஆகவே தேவையற்ற ஓரங்களை முதலில் வெட்டிவிடுவது நல்லது.

அடுத்தது, கோட்டுச் சித்திரத்துக்குத் தானே வண்ணம் நிரப்பும் ஃபில்டர். பொங்கல் நோட்டீஸுக்காகக் கையால் வரைந்து ஸ்கேன் செய்த கோலத்தில் கோடு ஆங்காங்கே விட்டுப்போயிருக்கும். சாதாரண வாளிக் கருவியில் வண்ணம் அந்த இடைவெளி வழியாகப் படம் முழுக்க ஓடிவிடும். இது சிறு இடைவெளிகளை அடைத்துக்கொண்டு நிரப்புகிறது. இதே ஆய்வுக்கூடத்தார் உருவாக்கிய நுட்பம் 2019-இல் ஜிம்ப் 2.10.10-இன் வாளிக் கருவிக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. கோலம் மட்டும்தான் உங்கள் வேலை என்றால் பிளக்-இன் இல்லாமலே சமாளிக்கலாம்.

தேடிப் பிடிப்பதுதான் சள்ளை. ஒரு காலத்தில் ஜிம்ப் பிளக்-இன்களுக்கென்று இருந்த பொதுக் கிடங்கு மூடப்பட்டுவிட்டது. தேடினால் 'எல்லாம் ஒரே தொகுப்பில்' என்று யார் யாரோ கடை விரித்திருக்கிறார்கள். அந்தப் பக்கமே போக வேண்டாம். ஜி-மிக்கின் சொந்தத் தளத்தில் ஜிம்ப் 2.10-க்கு ஒன்று, 3.0-க்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கிறது. 'ஹெல்ப்' மெனுவில் உங்கள் பதிப்பு எண்ணைப் பார்த்துவிட்டு எடுங்கள்.

மற்றவர்கள் எழுதிய சிறு பிளக்-இன்களில்தான் தலைவலி அதிகம். 2025 மார்ச்சில் வந்த ஜிம்ப் 3.0-இல், பைத்தான் 2 என்ற பழைய நிரல் மொழிப் பதிப்பில் எழுதிய பிளக்-இன்கள் ஓடாது. பிளக்-இன் ஃபைலை ஜிம்ப்பின் பிளக்-இன் ஃபோல்டருக்குள் வெறுமனே போட்டாலும் மெனுவில் தெரியாது. அங்கே அந்த ஃபைலின் பெயரிலேயே தனி ஃபோல்டர் திறந்து அதற்குள் வைத்து, ஜிம்ப்பை மூடித் திறக்க வேண்டும். கையில் இருக்கும் 2.10-உம் அதற்கான பிளக்-இன்களும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தால், கல்யாண சீசன் முடியும் வரை அதைத் தொடாதீர்கள்.