கண்ணில் விட்ட சொட்டு, நெஞ்சில் செய்த வேலை

வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போய் வந்த பயணம் எப்படி இருந்தது என்று கேட்பவர்களுக்கெல்லாம் இந்த ஒரு கதையைத்தான் சொல்கிறேன். மற்றதெல்லாம் ஒழுங்காக நடந்தது, அதை விடுங்கள்.

அப்பாவுக்கு ஆஸ்துமா பழைய தோழன். இந்த முறை இரவில் இரண்டு தடவையாவது எழுந்து உட்கார்ந்து இன்ஹேலரைத் தேடினார். "வயசாச்சுல்ல" என்றார். வீட்டில் எல்லோருக்கும் அதே சமாதானம்தான். எனக்குப் பொறுக்கவில்லை. மூச்சை எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். அதில் மூன்று நாள் காலையும் மாலையும் ஊதச் சொல்லிக் குறித்தேன். எண் ஏறவே இல்லை.

சரி, டாக்டரிடம் போனோம். டோக்கன், பெஞ்சு, காத்திருப்பு எதுவும் மாறவில்லை. டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்த வேகத்திலேயே எடுத்துவிட்டார். நான் எழுதி வைத்திருந்த தாளைப் பார்க்கக்கூட இல்லை. இதுவே நான் இருக்கும் நாட்டில் என்றால் என்று பொருமிக்கொண்டு வெளியே வந்தேன்.

சீட்டை விளக்க உட்கார்ந்திருந்த நர்ஸ் நிமிராமலே கேட்டார்: "ஐயா, கண்ணுக்கு ஏதாவது சொட்டு போடுறீங்களா?"

அப்பா சட்டைப்பையிலிருந்து குப்பியை எடுத்தார். டிமோலால். கண் அழுத்தத்துக்காகக் கொடுத்தது. நர்ஸ் அதை எடுத்துக்கொண்டு நேரே டாக்டர் அறைக்குள் போய்விட்டார்.

விஷயம் இதுதான். அது பீட்டா பிளாக்கர் வகை மருந்து. கண்ணில் விட்டாலும் மூக்கு வழியாக ரத்தத்தில் கலந்து மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடலாம். ஆஸ்துமா உள்ளவருக்கு அதை எழுதவே கூடாது. அதற்காக நாமாக நிறுத்தவும் முடியாது, கண் அழுத்தம் ஏறினால் பார்வைக்கே ஆபத்து. கண் டாக்டர்தான் வேறு சொட்டு மாற்றித் தர வேண்டும். அவர் ஆஸ்துமா உண்டா என்று கேட்கவில்லையாம். அப்பாவும் சொல்லவில்லை. "கண்ணுக்கும் மூச்சுக்கும் என்னப்பா சம்பந்தம்?"

நான் இருக்கும் அங்கே எல்லா மருந்தும் ஒரே கணினியில் இருக்கும், இப்படி ஒன்று எழுதினால் அதுவே எச்சரிக்கும். இங்கே கண்ணுக்கு ஒரு பை, நெஞ்சுக்கு ஒரு பை. ஆனால் அங்கே ஐந்து வருடமாக இன்ஹேலர் வாங்கும் என்னிடம், 'எப்படி இழுக்கிறீர்கள், செய்து காட்டுங்கள்' என்று ஒருவரும் கேட்டதில்லை. இந்த நர்ஸ் அப்பாவைக் கேட்டார். மூட்டுவலி விரலால் அழுத்துவதற்குள் அவர் மூச்சை இழுத்து முடித்திருந்தார், மருந்தில் பாதி நாக்கில்தான். உடனே ஸ்பேசர் என்ற குழாயை இன்ஹேலரில் மாட்டிப் பழக்கினார். தினமும் இழுக்க வேண்டிய ஸ்டீராய்டு இன்ஹேலரை வாய்ப்புண் வருகிறதென்று அப்பா ஓரங்கட்டியதும் அப்போதுதான் வெளியே வந்தது. ஒவ்வொரு தடவையும் வாய் கொப்பளித்துத் துப்பினால் போதுமாம்.

சொட்டு மாறியது. கொஞ்ச நாளில் இரவுத் தேடலும் குறைந்தது. நான் கிளம்பும் வரை, வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அப்பா முதலில் கேட்டது ஒன்றுதான்: "கண்ணுக்கு என்ன சொட்டு போடுறீங்க?"