மலையகத்து இருதய கிளினிக் ஒன்று: புதிய சிகிச்சை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது?

இதயம் பலவீனமாகி உடலுக்குத் தேவையான குருதியை அனுப்ப முடியாமல் போகும் இதயச் செயலிழப்புக்கு இன்று உள்ள சிகிச்சை, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இருந்ததைவிட மிகவும் முன்னேறியது. ஆகவே ஓர் இருதய கிளினிக்கை மதிப்பிடும்போது கட்டடத்தையும் கதிரைகளையும் பார்ப்பதைவிட, அந்த முன்னேற்றத்தில் எவ்வளவு நோயாளியின் கைக்கு வருகிறது, எவ்வளவு விரைவாக வருகிறது என்பதையே பார்க்க வேண்டும் என்று கருதுகிறேன். கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற என் அம்மாவை நான் கூட்டிச் செல்லும் கிளினிக், மலையகத்தின் அரச வைத்தியசாலை ஒன்றில் இயங்குகிறது. குறைகளையும் எழுதப்போவதால் அதன் பெயரைத் தவிர்க்கிறேன்.

முதலில் நோயைக் கண்டறியும் விதம். அம்மாவுக்கு மூச்சு வாங்கியபோது, வேறோர் இடத்தில் அதை வீசிங் என்று சொல்லி மருந்தை உள்ளிழுக்கும் பம்பை மாதக்கணக்கில் கொடுத்தார்கள். கால் வீங்கி, தலையணையை உயர்த்தாமல் படுக்க முடியாத நிலை வந்த பிறகே இந்தக் கிளினிக்குக்கு அனுப்பப்பட்டார். இங்கே ஈ.சி.ஜி.யும், இதயத்தை ஒலி அலைகளால் படம்பிடிக்கும் எக்கோவும் ஒரே நாளில் எடுக்கப்பட்டன. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியேற்றும் குருதியின் அளவு 40 வீதத்துக்குக் கீழே இருப்பது, அதாவது இதயம் பலவீனமடைந்திருப்பது, அன்றே தெரிந்தது. பல இடங்களில் எக்கோவுக்கே நீண்ட நாள் காத்திருக்க வேண்டியிருப்பதை எண்ணினால், இது பெரிய சேவை.

வைத்தியர் கேட்ட முதல் கேள்வி, சமதரையில் நடக்கும்போது மூச்சு வாங்குகிறதா என்பது. உலகெங்கும் நோயின் கடுமையை அன்றாட வேலைகளை வைத்துத்தான் தரம் பிரிக்கிறார்கள். ஆனால் எங்கள் தோட்டத்தில் சமதரை எங்கே இருக்கிறது? பக்கத்தில் நின்ற தாதி, "அம்மா, லயத்திலிருந்து பீலிக்குப் போய்க் குடத்தில் தண்ணி எடுத்துட்டு வர முடியுதா?" என்று தமிழில் கேட்டார். "போயிருவேன் மிஸ், ஏறி வரத்தான் முடியல," என்றார் அம்மா. அந்த ஒரு பதில் வைத்தியருக்குத் தேவையான அனைத்தையும் சொல்லிவிட்டது. தமிழ் பேசும் தாதி ஒருவர் கிளினிக்கில் இருப்பதை மருந்துக்குச் சமமான சிகிச்சையாகவே நான் எண்ணுகிறேன்.

கண்டறிதலில் குறை என்று நான் சொல்லக்கூடியது, என்.டி. புரோ பி.என்.பி. என்ற குருதிப் பரிசோதனை அங்கே செய்யப்படாததுதான். இதயச் சுவர் அழுத்தத்தால் இழுபடும்போது குருதியில் கூடும் ஒரு பொருளை அது அளக்கிறது. உடனடி அவசரம் இல்லாத நோயாளியிடம் அளவு 125க்குக் குறைவாக இருந்தால், மூச்சு வாங்குவதற்கு வேறு காரணத்தைத் தேடலாம் என்று ஐரோப்பிய வழிகாட்டல்கள் கூறுகின்றன. தோட்டப்புறச் சிறு வைத்தியசாலைகளில் இது கிடைத்தால், யாரை முதலில் எக்கோவுக்கு அனுப்புவது என்று அங்கேயே முடிவு செய்யலாம். நாங்கள் தனியார் ஆய்வுகூடத்தில் பணம் கட்டித்தான் செய்தோம். ஈ.சி.ஜி. கோடுகளைக் கணினி மென்பொருளால் வாசித்துப் பலவீனமான இதயத்தை இனங்காணும் முறை அமெரிக்காவின் ஆரம்ப சிகிச்சை நிலையங்களில் சோதிக்கப்பட்டு, 2021இல் நல்ல பலன் வெளியாகியிருக்கிறது. எக்கோ இயந்திரம் தொலைவிலும் ஈ.சி.ஜி. இயந்திரம் அருகிலும் உள்ள மலைப்பகுதிக்கு அது மிகவும் பொருந்தும்.

சிகிச்சையில்தான் இந்தக் கிளினிக் என் மதிப்பைப் பெற்றது. இதயம் பலவீனமடைந்தவர்களுக்கு இன்று நான்கு வகை மருந்துகள் அடிப்படையானவை: பீட்டா தடுப்பான், ஸ்பைரோனோலக்டோன் வகை, எனலாப்ரில் அல்லது அதைவிட மேலான சகுபிட்ரில்-வல்சார்ட்டன், கடைசியாக வந்த டாபாகிளிஃப்ளோசின் வகை. முன்பு ஒன்றின் அளவை உச்சத்துக்குக் கொண்டுபோன பிறகே அடுத்ததைத் தொடங்குவார்கள். இங்கே நான்கையும் சிறிய அளவில், குறுகிய காலத்துக்குள் தொடங்கினார்கள்.

டாபாகிளிஃப்ளோசினை அம்மா முதலில் விழுங்க மறுத்தார். அது சீனி வியாதிக்காரர்களின் மாத்திரை என்று லயத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள். வைத்தியர் நேரமெடுத்து விளக்கினார். 2019இல் வெளிவந்த டாபா-எச்.எஃப். ஆய்வில் 4,744 பேர் பங்கேற்றனர், அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இல்லை, இருந்தும் நோய் முற்றுவதும் இதயநோயால் இறப்பதும் சேர்ந்து 26 வீதம் குறைந்தன என்ற செய்தியை அவர் எளிய சொற்களில் சொன்ன விதம் அம்மாவுக்குப் போதுமாக இருந்தது. வாந்தி எடுத்தாலோ சாப்பிட முடியாமல் போனாலோ அதை நிறுத்திவிட்டு வர வேண்டும் என்பதையும் கிளினிக் கொப்பியில் எழுதிக் கொடுத்தார். சகுபிட்ரில்-வல்சார்ட்டனைப் பற்றியும் நேர்மையாகப் பேசினார். 2014இல் வெளியான பெரிய ஆய்வில் அது எனலாப்ரிலைவிட 20 வீதம் கூடுதல் பாதுகாப்பைக் காட்டியது என்றும், ஆனால் வெளியில் மாதாமாதம் வாங்குவது எங்களுக்குக் கட்டுப்படியாகாவிட்டால் எனலாப்ரிலை ஒழுங்காகக் குடிப்பதே மேல் என்றும் சொன்னார். வாங்க முடியாத மருந்தை எழுதிக் கொடுத்து அனுப்பாத வைத்தியரை நான் மதிக்கிறேன்.

இனி என் முக்கியமான குறை. அம்மாவை வார்டில் வைத்துப் பார்த்து வீட்டுக்கு அனுப்பியபோது அடுத்த கிளினிக் திகதி ஒரு மாதத்துக்குப் பிறகே கிடைத்தது. 2022இல் வெளியான ஸ்ட்ரோங்-எச்.எஃப். ஆய்வில், வைத்தியசாலையை விட்டுப் போன இரண்டு வாரங்களுக்குள் மருந்துகளை முழு அளவுக்கு உயர்த்தி, அடிக்கடி அழைத்துப் பரிசோதித்தார்கள். 180 நாட்களில் இறந்தவர்களும் இதயச் செயலிழப்புக்காக மீண்டும் அனுமதிக்கப்பட்டவர்களும் அந்தக் குழுவில் 15.2 வீதம், வழமையான கவனிப்புப் பெற்ற குழுவில் 23.3 வீதம். அங்கே புதிய மருந்து எதுவும் இல்லை, இருந்த மருந்துகளை விரைவாகவும் விழிப்பாகவும் கொடுத்ததுதான் வேறுபாடு. அப்படியிருக்க, ஆபத்து மிகுந்த முதல் வாரங்களை நாங்கள் மலைமேல் தனியாகக் கழிப்பது எனக்குப் பெருங்கவலை தருகிறது. வாரத்தில் ஒரே நாள் கிளினிக், அளவு கடந்த கூட்டம், கூட்டிவருபவரின் ஒருநாள் பேர் (நாட்சம்பளம்) வீணாவது என்று காரணங்கள் இருக்கின்றன. ஆனால் இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, நிறை ஆகியவற்றைத் தோட்டத்து டிஸ்பென்சரியிலேயே பார்த்து, பொட்டாசியத்துக்கும் சிறுநீரகத்துக்கும் குருதியை மட்டும் அனுப்பி, கிளினிக் வைத்தியர் தொலைபேசியில் அளவைக் கூட்டச் சொல்லும் ஓர் ஏற்பாட்டுக்குப் பெரிய செலவு ஆகாது.

இன்னொன்று, இரும்புச்சத்து. ஹீமோகுளோபினைப் பார்த்தார்கள், உடலில் சேமிப்பில் உள்ள இரும்பைக் காட்டும் ஃபெரிட்டினைப் பார்க்கவில்லை. இரத்தச்சோகை இல்லாவிட்டாலும் இரும்புக் குறைபாடு இருக்கலாம். இதயம் பலவீனமானவர்களுக்கு இரும்பைக் குருதி நாளம் வழியாக ஏற்றினால் களைப்பு குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. இரும்பு மாத்திரையைச் சோதித்த 2017ஆம் ஆண்டு ஆய்வில் உடலின் உழைக்கும் திறன் கூடவில்லை. வெளிறிய கண்களோடு வரிசையில் அமர்ந்திருக்கும் தோட்டத்துப் பெண்களைப் பார்க்கும் எவரும் இந்தப் பரிசோதனையைக் கேட்கத்தான் செய்வார்கள்.

தாதிமாரின் அறிவுரை மிகச் சிறப்பு. தினமும் காலையில் நிறை பார்த்துக் கொப்பியில் குறிக்க வேண்டும், மூன்று நாட்களில் 2 கிலோவுக்கு மேல் கூடினால் திகதிக்குக் காத்திராமல் வர வேண்டும் என்றார்கள். வாழ்நாளெல்லாம் கொழுந்தை நிறுத்துக் கணக்குப் பார்த்த அம்மாவுக்கு இது உடனே பிடிபட்டது. கருவாட்டையும் ஊறுகாயையும் பெயர் சொல்லியே விலக்கினார்கள். முதுகுவலிக்கும் முழங்கால்வலிக்கும் குடிக்கும் டைக்ளோஃபினாக் உடலில் உப்பையும் நீரையும் தேக்கி இதயத்தை மேலும் சிரமப்படுத்தும் என்று சொன்னதுதான் எங்களுக்கு மிகவும் பயன்பட்டது.

குருதி வெளியேற்றம் சரியாக இருந்தும் இதயம் விறைத்துப்போனவர்களும் இங்கே வருகிறார்கள். அவர்களுக்கும் டாபாகிளிஃப்ளோசின் வகை பயன்படும் என்பது 2021, 2022ஆம் ஆண்டு ஆய்வுகளில் தெளிவானது, 2024இல் ஃபைனெரனோன் என்ற மருந்தும் சேர்ந்தது. அவர்களைக் கிளினிக் எப்படிக் கவனிக்கிறது என்பதை அவர்களில் ஒருவரே எழுதினால் நல்லது.

பஸ் நிறுத்தத்திலிருந்து கிளினிக் வரையுள்ள படிகள் மூச்சு வாங்குபவருக்கு மிகவும் கடினம். வாயிலில் கேட்டால் சக்கர நாற்காலி தருகிறார்கள், ஆனால் கேட்டால்தான் தருவார்கள். முதல்முறை செல்பவர்கள் கிளினிக் கொப்பியுடன், டிஸ்பென்சரியிலும் கடையிலும் வாங்கிய வலி மாத்திரைகள் உட்பட எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். வார்டிலிருந்து அனுப்பும்போது, இரண்டு வாரத்துக்குள் ஒரு திகதி தர முடியுமா என்று கட்டாயம் கேளுங்கள். நாங்கள் இரண்டாம் தடவை கேட்டபோது தந்தார்கள்.