'காதலிக்க நேரமில்லை' (1964): வீட்டில் பார்க்க எந்தப் பிரதி தேறும்?

தேடும்போது 1964 என்று சேர்த்தே தட்டுங்கள். வெறும் பெயரைக் கொடுத்தால் 2025-இல் வந்த ரவி மோகன் – நித்யா மேனன் படம் முந்திக்கொண்டு வரும். போதாக்குறைக்கு அதே பெயரில் ஒரு டிவி சீரியலும் உண்டு. கூடவே இயக்குநர் ஸ்ரீதர் அல்லது நடிகர் நாகேஷ் பெயரைப் போட்டால் குழப்பம் தீர்ந்தது.

படம் கிடைத்ததும் முதலில் பார்க்க வேண்டியது முகங்களை. அந்தக் காலப் படங்களின் திரைச் சட்டத்தில் அகலத்துக்கும் உயரத்துக்கும் விகிதம் கிட்டத்தட்ட 4:3. இன்றைய அகல டிவியில் இரு பக்கமும் கறுப்புப் பட்டை விழுவதுதான் முறை. பட்டை இல்லாமல் முகமெல்லாம் உப்பித் தெரிந்தால், பெரும்பாலும் டிவிதான் இழுக்கிறது. பிக்சர் சைஸை 4:3-க்கு மாற்றினால் சரியாகிவிடும். முகம் சரியாக இருந்து நெற்றி மட்டும் வெட்டுப்பட்டால், மேலும் கீழுமாகக் கால்வாசிப் படத்தை நறுக்கிவிட்டார்கள். அதற்கு மருந்து கிடையாது. வேறு பிரதி தேடுங்கள்.

அடுத்த சோதனை, நாகேஷ் பாலையாவுக்குப் பேய்ப்படக் கதை சொல்லும் காட்சி. சத்தங்களையெல்லாம் நாகேஷ் வாயாலேயே எழுப்புவார். பாலையாவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிலி ஏறும். இரைச்சல் போக அளவுக்கு மீறிச் சுத்தம் செய்த பிரதியில் அந்தச் சின்னச் சத்தங்களும் சேர்ந்தே போயிருக்கும். கொஞ்சம் கரகரப்புள்ள பிரதியே மேல். டிவியில் சரவுண்ட் ஒலி வசதியை அணைத்துவிடுங்கள். இந்தப் படத்தின் ஒற்றைத்தட (மோனோ) ஒலி அதில் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலாகும்.

இது ஈஸ்ட்மென் கலர் என்ற வண்ணப் பிலிம் முறையில் வந்த படம். அந்தக் காலப் பிரிண்டுகளில் நீலப்பச்சைச் சாயம் சீக்கிரம் மங்கும், மிச்சம் நிற்பது சிவப்பு. எல்லாம் ரோஸாகத் தெரிந்தால் ஒயிட் பேலன்ஸில் சிவப்பை இரண்டு மூன்று புள்ளி குறைக்கலாம். அதற்கு மேல் போனால் காஞ்சனாவுக்கும் ராஜஸ்ரீக்கும் முகம் பச்சை பாய்ந்துவிடும்.

படம் ஓடும் நேரம் குறைந்தால் உடனே வெட்டு என்று எண்ண வேண்டாம். நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்ததை PAL என்ற டிவி முறைக்கான டிவிடியில் 25 ஆக ஓட்டுவார்கள். 160 நிமிடப் படத்தில் ஆறு நிமிடம் போல இப்படியே கழியும். 'அனுபவம் புதுமை'யில் பி.பி. சீனிவாஸ் குரலும் லேசாக ஏறிக் கேட்கும். உண்மையான வெட்டு பாட்டில்தான் விழும். 'நாளாம் நாளாம்', 'உங்க பொன்னான கைகள்' இரண்டும் முழுசாக இருக்கிறதா என்று ஓட்டிப் பாருங்கள். பாட்டு வந்ததும் ஒலி மட்டும் ஊமையாகும் இணையப் பிரதிகளும் உண்டு.

டிவிடி வாங்குவதானால் ஒரு தட்டில் ஒரு படம் உள்ளதையே வாங்குங்கள். 4.7 ஜிபி தட்டில் மூன்று படம் திணித்தால் நொடிக்கு 1.4 மெகாபிட்தான் தேறும், ஆள் அசைந்தாலே கட்டம் கட்டமாகச் சிதறும். பழைய விசிடிதான் கைவசம் என்றால், எம்பெக்ஏவி (MPEGAV) ஃபோல்டரில் உள்ள .DAT கோப்புகளைக் கணினியில் விஎல்சி (VLC) பிளேயரில் திறக்கலாம். அசையும்போது ஓரம் சீப்புப்பல்லாகத் தெரிவது டிவிடியில்தான். அப்போது பிளேயரில் அதைச் சரிசெய்யும் டீஇன்டர்லேஸ் வசதியைப் போட்டுவிட்டால் அடங்கிவிடும்.