செல்லூர் பைக் மெக்கானிக் கடை: காது கொடுத்துக் கேட்கிறார்கள்

என் 100 சிசி பைக்கில் கடகட சத்தம். வேறோர் இடத்தில் பேச்சை முடிக்கவிடாமலே டேப்பெட் (இன்ஜின் வால்வைத் தள்ளும் பாகம்) அட்ஜஸ்ட் செய்து அனுப்பினார்கள், சத்தம் போகவில்லை.

இந்த அண்ணன் முதலில் ஸ்பேனரைத் தொடவில்லை. "காலையில முதல் ஸ்டார்ட்லயா, சூடான அப்புறமா? ஆக்சிலேட்டர விட்டா கூடுதா?" என்று கேட்டார். நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார். அப்புறம் இன்ஜினை ஓடவிட்டு, நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டில் ஊன்றி, கைப்பிடியைக் காதோரம் வைத்துக் கண்ணை மூடினார். டேப்பெட் மூடியருகே ஒன்றுமில்லை. இன்ஜினின் இடப்பக்கம், உள்ளே செயின் ஓடும் இடத்தில் சத்தம் தெளிவாக வந்தது. எனக்கும் கேட்கக் கொடுத்தார். வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்க உதவும் டைமிங் செயின் தளர்ந்திருந்தது. செயினையும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் மட்டும் மாற்றினார், சத்தம் நின்றது.

சனிக்கிழமை மாலை கூட்டம் அதிகம். வார நாளில் காலையிலேயே போங்கள். அப்போதுதான் நிதானமாகப் பேச முடியும்.