அம்பாசடர் டிஸ்ட்ரிபியூட்டர்: பாயிண்டா, மாட்யூலா, முழு எலக்ட்ரானிக்கா?

பழைய பெட்ரோல் அம்பாசடர் வைத்திருக்கும் நாலு பேர் கூடினால் பேச்சு சீக்கிரமே சிபி பாயிண்டில் வந்து நிற்கும். ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் முறையாகப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மின்சாரத்தைத் திறந்து மூடும் சின்ன சுவிட்ச்தான் இந்தப் பாயிண்ட். “எலக்ட்ரானிக் போட்டுடுங்க, அப்புறம் அந்தப் பக்கமே பார்க்க வேண்டாம்” என்பார் ஒருவர். “போட்டேன், பாதி வழியில் நின்னுடுச்சு, திரும்பப் பாயிண்டுக்கே வந்துட்டேன்” என்பார் அடுத்தவர். இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும். பாயிண்டுக்குப் பதிலாகப் போடும் எலக்ட்ரானிக் மாட்யூல் ஒரு வண்டியில் வருடக்கணக்கில் உழைக்கிறது, அதே மாட்யூல் இன்னொன்றில் ஒரு மாதத்தில் படுத்துவிடுகிறது. பெரும்பாலும் காரணம் மாட்யூலில் இருப்பதில்லை. அதை எந்த டிஸ்ட்ரிபியூட்டருக்குள், எந்த நிலையில் இருந்த வயரிங்கோடு மாட்டினார்கள் என்பதில்தான் இருக்கிறது.

இங்கே பேசுவது 1489 சிசி பெட்ரோல் இன்ஜினைப் பற்றி மட்டும். இசுசு 1.8 வந்த பிந்தைய வண்டிகளின் கதை வேறு. டீசல்காரர்களுக்கு டிஸ்ட்ரிபியூட்டரே கிடையாது, கொடுத்து வைத்தவர்கள். இந்த 1489 இன்ஜின் பிரிட்டனின் பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) உருவாக்கிய பி-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிபி-யில் இருந்த 1798 சிசி இன்ஜின் இதன் தம்பி. உத்தர்பாரா ஆலையில் அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றுபோன பிறகும் இதற்கான இக்னிஷன் சாமான்கள் புதிதாகக் கிடைப்பதற்கு எம்ஜிபி ரசிகர்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் லூகாஸ் வடிவம். 1961இல் தொடங்கி சென்னை பாடியில் இயங்கும் லூகாஸ்-டிவிஎஸ் பெயர் பொறித்த டிஸ்ட்ரிபியூட்டரை நம் ஊர் மெக்கானிக்குகள் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவார்கள்.

முதலில் பாயிண்டுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும்போது பாயிண்ட் நொடிக்கு 100 முறை திறந்து மூடுகிறது. ஒவ்வொரு முறையும் சுமார் 4 ஆம்பியர் மின்சாரத்தை வெட்டுகிறது. அதனால் முகம் கருகும், குழி விழும். ஷாஃப்டோடு சுற்றும் கேமில் உரசும் பாயிண்டின் குதிகாலும் தேயும். அது தேயத் தேய இடைவெளி குறையும், டைமிங், அதாவது ஸ்பார்க் விழும் நேரம், பின்னுக்குப் போகும், பிக்கப் மந்தமாகும். மாற்றம் மெதுவாக நடப்பதால் ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது. ஆனால் பாயிண்ட் சொல்லாமல் சாவது அபூர்வம். கெட்டாலும் உப்புத்தாள் வைத்துத் தேய்த்து, ஃபீலர் கேஜில் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வைத்தால் வீடு வந்து சேரலாம். பேட்டரி இறங்கிக் கிடந்தாலும், தள்ளி ஸ்டார்ட் செய்தாலும் பிடித்துக்கொள்ளும். இன்றைக்குப் பாயிண்டைவிடப் பெரிய தலைவலி, பாயிண்ட் திறக்கும்போது பொறி பறக்காமல் தடுக்கும் கண்டென்சர்தான். புதிதாக வாங்கியதே சூடானதும் கைவிடுகிறது. பழையது நல்ல நிலையில் இருந்தால் புதிதை நம்பி அதைத் தூக்கி எறியாதீர்கள்.

சரி, மாற்றுவது என்று முடிவு செய்தாயிற்று. காசு எடுப்பதற்கு முன் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியான கேப்பைக் கழற்றி மூன்று சோதனை. ஷாஃப்டின் மேல் சுற்றும் ரோட்டாரைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள்: ஷாஃப்டில் கையில் உணரக்கூடிய ஆட்டம் இருந்தால் அதைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது. அடுத்து ரோட்டாரை அது சுற்றும் திசையில், அதாவது மேலிருந்து பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிராக, திருகி விடுங்கள்: ஸ்பிரிங் அதைச் சட்டென்று பழைய இடத்துக்கு இழுக்க வேண்டும். சோம்பலாகத் திரும்பினால் வேகம் கூடும்போது ஸ்பார்க்கை முன்கூட்டியே விழவைக்கும், அடியில் இருக்கும் அட்வான்ஸ் எடைகள் காய்ந்த கிரீஸில் மாட்டிக்கொண்டிருக்கின்றன. மூன்றாவது வேக்யூம், அதாவது இன்ஜினின் உறிஞ்சலைக் கொண்டு டைமிங்கை மாற்றும் அமைப்பு. பைப்பை வாயில் வைத்து உறிஞ்சி நாக்கால் அடையுங்கள்: உள்ளே தட்டு நகர்ந்து, நகர்ந்த இடத்திலேயே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது.

ஒப்பீடே இந்த மூன்று சோதனையில்தான் தொடங்குகிறது. மாட்யூல் என்பது பாயிண்ட் செய்த வேலையை மட்டும் எடுத்துக்கொள்கிறது. கேமின் மேல் ஒரு காந்த வளையம், பக்கத்தில் அந்தக் காந்தத்தை உணரும் ஒரு ஹால் சென்சார், அவ்வளவுதான். ஷாஃப்ட், எடை, ஸ்பிரிங், வேக்யூம் எல்லாம் பழையதே. ஷாஃப்ட் ஆடினால் டைமிங்கும் ஆடும். எடை மாட்டிக்கொண்டிருந்தால் எலக்ட்ரானிக்கோடு சேர்ந்தே மாட்டிக்கொண்டிருக்கும். மூன்று சோதனையிலும் தேறிய டிஸ்ட்ரிபியூட்டருக்கு மாட்யூல் போதும். அது மலிவு, வெளியே தெரியாது, வேண்டாமென்றால் ஒரு மணி நேரத்தில் பாயிண்டுக்குத் திரும்பலாம். தேறாததற்கு மாட்யூல் போடுவது வீண் செலவு. அங்கே ஒன்று லேத்துக்காரரிடம் கொடுத்துப் புஷ் அடித்து ஓவர்ஹால் செய்ய வேண்டும், இல்லையென்றால் டிஸ்ட்ரிபியூட்டரையே மாற்ற வேண்டும்.

முழு டிஸ்ட்ரிபியூட்டர் என்று விற்பதில் இரண்டு சாதி. ஒன்று, பழைய லூகாஸ் வடிவத்தை நகல் எடுத்து உள்ளே ஒரு மாட்யூலைப் பொருத்திய மலிவு ரகம். ஷாஃப்ட் புதுசு என்பது உண்மையிலேயே பெரிய லாபம். குறை என்னவென்றால் அட்வான்ஸ் வளைவு, அதாவது எந்த வேகத்தில் எவ்வளவு அட்வான்ஸ் என்ற கணக்கு, பொதுவானது, பல இன்ஜினுக்கும் அதே ஸ்பிரிங். ஐடிலில் டைமிங் சரியாக வைத்தாலும் 3000 சுற்றில் எங்கே போய் நிற்கிறது என்பதை டைமிங் லைட் வைத்துப் பார்க்காமல் நம்பக் கூடாது. இன்னொன்று, டச்சுத் தயாரிப்பான 123இக்னிஷன் போன்றது. இதில் எடையும் ஸ்பிரிங்கும் கிடையாது, அட்வான்ஸ் முழுவதையும் உள்ளே இருக்கும் சிப் கணக்கிடுகிறது. சுவிட்ச் வகையில் 16 வளைவுகளிலிருந்து ஒன்றைத் திருகித் தேர்ந்தெடுக்கலாம், புளூடூத் வகையில் நாமே வளைவை வரையலாம். இன்ஜின் நின்றபடி சாவி ஆனில் இருந்தால், ஸ்பார்க்குக்கு உயர் வோல்ட்டேஜ் தரும் காயிலுக்குப் போகும் மின்சாரத்தைத் தானே நிறுத்திவிடும். மாட்யூல்களில் எல்லாவற்றுக்கும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. பெர்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் முதல் தலைமுறை இக்னிட்டர் மாட்யூலைப் போட்டுவிட்டு சாவியை ஆனில் வைத்துப் பாட்டுக் கேட்டால் மாட்யூல் வெந்துவிடும்.

விலையில் 123 எட்டாத உயரம்தான், கஸ்டம்ஸ் வரி வேறு. வாரத்துக்கு ஒரு தடவை கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போய்வரும் வண்டிக்கு அது தேவையில்லை என்பதே என் எண்ணம். ஊட்டி, கொடைக்கானல் என்று ஏற்றத்தில் ஓட்டுபவர், டிஸ்ட்ரிபியூட்டரும் தேய்ந்துபோனவர் என்றால் கொடுக்கும் காசுக்கு அர்த்தம் உண்டு. மலிவு நகலை நான் கடைசியில்தான் வைப்பேன். அதே காசில் நல்ல லூகாஸ் ஒன்றை ஓவர்ஹால் செய்து மாட்யூல் போடுவது மேல்.

நடுவில் இன்னொரு வழியும் உண்டு, இப்போது யாரும் அதிகம் பேசுவதில்லை. பாயிண்டை அப்படியே வைத்து, காயில் மின்சாரத்தை மட்டும் ஒரு டிரான்சிஸ்டர் பெட்டி வழியாகத் திருப்புவது. பாயிண்ட் வெறும் சைகை கொடுப்பதால் முகம் கருகாது, குதிகால் மட்டும் தேயும். பெட்டி கெட்டால் இரண்டு வயரை மாற்றிச் சொருகிப் போய்க்கொண்டே இருக்கலாம். ஒரே சிக்கல், மின்சாரம் மிகக் குறைவு என்பதால் பாயிண்ட் முகத்தில் லேசாக எண்ணெய்ப் படலம் படிந்தாலே சைகை நின்றுவிடும்.

ஆர்டர் போடும் முன் உங்களிடம் இருப்பது எது என்று பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பின் பக்கத்தில் டைமிங்கை நுணுக்கமாகத் திருத்தும் ஒரு சின்னத் திருகு நட்டு இருந்தால் லூகாஸ் 25டி அல்லது அதற்கு முந்தைய வகை. 45டி-யில் அது கிடையாது. இரண்டுக்கும் மாட்யூல் வேறு. அதைவிட முக்கியம், பேட்டரியின் எந்த முனை பாடியில் எர்த் ஆகியிருக்கிறது என்பது. பழைய பிரிட்டிஷ் வடிவ வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் உண்டு. நெகட்டிவ் எர்த் மாட்யூலை அதில் இணைத்தால் சாவியைத் திருப்பிய நொடியில் கதை முடிந்தது.

அப்புறம் காயில். பெரும்பாலான நான்கு சிலிண்டர் மாட்யூல்களுக்கு முதன்மைச் சுற்றில் 3 ஓம் வேண்டும். 1.5 ஓம் ஸ்போர்ட்ஸ் காயிலை நேரடி 12 வோல்ட்டில் கொடுத்தால் மின்சாரம் இரண்டு மடங்காகிவிடும், மாட்யூல் தாங்காது. 123-க்கு 1 ஓம் வரை சம்மதம். மல்டிமீட்டரில் அரை நிமிட வேலை, ஆனால் பலரும் செய்வதில்லை. பிளக் வயரும் வெறும் செம்புக் கம்பியாக இருக்கக் கூடாது, அதன் இரைச்சல் சென்சாரைக் குழப்பும். ரெசிஸ்டர் வகை வயரோ பிளக் கேப்போ போடுங்கள்.

பொருத்துவதில் பெரிய மந்திரம் இல்லை. பேட்டரி முனையைக் கழற்றிவிட்டு, ஒன்றாம் பிளக் ஓட்டையில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு கிராங்க் ஹேண்டிலால் சுற்றுங்கள். காற்று விரலைத் தள்ளும் ஸ்ட்ரோக்கில் புல்லி குறியை டைமிங் அடையாளத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தி, ரோட்டார் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் அடி நாக்கு மையத்திலிருந்து விலகியிருப்பதால் ஒரே நிலையில்தான் உட்காரும், மாறிப் போக வழியில்லை. ஆனால் என்றோ ஒரு மெக்கானிக் உள்ளே இருக்கும் டிரைவ் கியரை வேறு பல்லில் போட்டிருந்தால் புத்தகத்தில் உள்ள படமும் உங்கள் வண்டியும் ஒத்துப்போகாது. அப்போது உங்கள் படத்தையே நம்புங்கள். சுடும் வரிசை 1-3-4-2, கேப்பில் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில்.

மாட்யூல் என்றால் காந்த வளையத்தைக் கேமின் மேல் முழுவதும் அழுத்துங்கள். வளையம் தூக்கி நின்றால் ரோட்டாரும் தூக்கி நிற்கும், கேப்பின் கார்பன் முனை உடையும். இடைவெளி பார்க்க இரும்பு ஃபீலர் உதவாது, காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் துண்டு வேண்டும். சிவப்பு வயர் காயில் பாசிட்டிவ், கறுப்பு நெகட்டிவ். பழைய கண்டென்சரைக் கழற்றிவிடுங்கள். வயருக்குக் கொஞ்சம் தளர்வு விட்டு, வேக்யூம் தட்டு நகரும்போது இழுபடாதபடி ஓட்டுங்கள். 123 என்றால் உள்ளே ஒரு பச்சை விளக்கு உண்டு. ரோட்டாரைச் சுற்றும் திசைக்கு எதிராக லேசாக அழுத்தி டிரைவின் தளர்வை எடுத்துவிட்டு, உடம்பைக் கடிகாரத் திசையில் மெல்லத் திருப்பினால், விளக்கு எரியும் இடம்தான் டைமிங். கிளாம்ப் போல்ட்டைப் பலம் கொண்ட மட்டும் முறுக்காதீர்கள், உடம்பு நசுங்கும்.

இனி கோளாறு. எலக்ட்ரானிக் போட்ட வண்டியில் வரும் முக்கால்வாசிப் புகாருக்கு வேர் பழைய வயரிங். செல்ஃப் அடிக்கும்போது கிளம்பாமல், சாவியை விட்ட நொடியில் பிடிக்கிறது என்றால் வோல்ட்டேஜ் சரிந்து மாட்யூல் தூங்கிவிடுகிறது. காயில் பாசிட்டிவில் மீட்டர் வைத்துப் பேட்டரியோடு ஒப்பிடுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இக்னிஷன் சுவிட்சும் அதன் இணைப்புகளும் கறுத்திருக்கின்றன. ஒரு ரிலே போட்டால் தீரும். வழியில் வோல்ட்டேஜைக் குறைக்கும் பல்லாஸ்ட் ரெசிஸ்டன்ஸ் ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது மட்டும் மிஸ்ஸிங் அடித்தால் என் சந்தேகம் நேராக எர்த் வயரின் மேல் போகும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் நகரும் தட்டையும் உடம்பையும் இணைக்கும் அந்தத் துணி சுற்றிய குட்டி வயர் வருடக்கணக்கில் வளைந்து வளைந்து உள்ளே அறுந்திருக்கும், வெளியே முழுசாகத் தெரியும். மாட்யூலுக்கு எர்த் தட்டு வழியாகத்தான் வருகிறது. வேக்யூம் தட்டை இழுத்ததும் எர்த் போகும், விட்டதும் வரும். இதைக் கண்டுபிடிக்காமல் புது மாட்யூல் மேல் மாட்யூலாக வாங்கியவர்கள் உண்டு.

ரோட்டாரும் சந்தேகப் பட்டியலில் இருக்க வேண்டும். பித்தளையை ரிவெட் அடித்துப் பொருத்திய மலிவு ரோட்டார்களில் ஸ்பார்க் ரிவெட் வழியே ஷாஃப்டுக்கு இறங்கிவிடும். காயிலின் நடு வயரில் நல்ல ஸ்பார்க், பிளக்கில் ஒன்றுமில்லை என்றால் இதுதான். ரிவெட் இல்லாத ரோட்டாராகத் தேடி வாங்குங்கள்.

சூட்டில் நின்று, அரை மணி கழித்துக் கிளம்பும் வண்டியில் எல்லோரும் மாட்யூலைத்தான் திட்டுவார்கள். நின்ற அந்த இடத்திலேயே ஒரு பிளக்கைக் கழற்றி, வயரில் சொருகி, இன்ஜின் இரும்பில் வைத்து செல்ஃப் அடித்துப் பாருங்கள். ஸ்பார்க் இல்லையென்றால் காயில் நெகட்டிவுக்கும் எர்த்துக்கும் நடுவில் ஒரு சோதனை பல்பு: இன்ஜின் சுற்றும்போது மினுக்கினால் மாட்யூல் வேலை செய்கிறது, காயிலையும் ரோட்டாரையும் பாருங்கள். மினுக்காமல் எரிந்துகொண்டே இருந்தால் மாட்யூலோ அதன் எர்த்தோ போயிருக்கிறது, எரியவே இல்லையென்றால் காயிலுக்கு மின்சாரம் வருகிறதா என்று முதலில் பாருங்கள். மாட்யூல்தான் போயிருந்தால் டிக்கியில் பழைய பாயிண்டும் கண்டென்சரும் இருக்கிறதா என்பதுதான் அன்றைய கேள்வி. ஸ்பார்க் நன்றாகவே வந்தால் டிஸ்ட்ரிபியூட்டரைத் தொடாதீர்கள். அது வேப்பர் லாக். எத்தனால் கலந்த பெட்ரோல் சூட்டில் சீக்கிரம் ஆவியாகி பைப்பில் அடைத்துக்கொள்கிறது. பெட்ரோல் பம்பின் மேல் ஈரத் துணியைப் போட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தால் வண்டி கிளம்பிவிடும்.