எஃப்டிடிஐ கம்பெனி சிப் வச்ச யூஎஸ்பி சீரியல் கேபிள் (கம்ப்யூட்டர் யூஎஸ்பில சொருகி ஸ்விட்ச், மோடம் மாதிரி சாதனத்தோட சீரியல் போர்ட்ல பேசுறதுக்கு), லினக்ஸ்ல ரெண்டு மாசமா யூஸ் பண்றேன்

இதுக்கு முன்னாடி சீப்பா ஒண்ணு வாங்கி, கன்சோல்ல (சாதனத்த டைப் பண்ணி கன்ட்ரோல் பண்ற திரை) பாதி எழுத்து குப்பையா வந்து ரெண்டு ராத்திரி தூக்கம் போச்சு, அதனால இந்த தடவ எஃப்டிடிஐயோட எஃப்டி232ஆர் சிப்பான்னு பாத்து தான் வாங்கினேன். டிரைவர்னு எதுவுமே போடல, லினக்ஸ் கெர்னல்லயே இருக்கு, சொருகின உடனே டிமெசெஜ்ல (கெர்னல் மெசேஜ காட்டுற கமாண்ட்) டிடிஒய்யூஎஸ்பி0-ன்னு போர்ட் பேர் வந்துருச்சு.

போர்ட்ட திறக்கும்போது பெர்மிஷன் டினைட்னு வந்தா கேபிள குறை சொல்லாதீங்க, டெபியன், உபுண்டுல உங்க யூசர டயல்அவுட் குரூப்ல (சீரியல் போர்ட்ட யூஸ் பண்ண அனுமதி இருக்குற குரூப்) சேர்த்துட்டு லாக்அவுட் பண்ணி உள்ள வாங்க, சரியாயிடும். அப்புறம் மினிகாம்ங்கிற சீரியல் டெர்மினல் சாஃப்ட்வேர்ல ஹார்ட்வேர் ஃப்ளோ கன்ட்ரோல் (இப்ப அனுப்பலாமான்னு தனி வயர்ல சிக்னல் பாத்து அனுப்புறது) ஆன்லயே தான் வரும், அந்த சிக்னல் வயரே இல்லாத மூணு வயர் கன்சோல்ல அத ஆஃப் பண்ணலன்னா நீங்க என்ன டைப் பண்ணாலும் அந்தப் பக்கம் போகாது, நிறைய பேர் இங்க தான் மாட்டுறாங்க. ஸ்விட்ச் கன்சோல் எனக்கு 9600 ஸ்பீட், 8என்1-ல (8 டேட்டா பிட், பாரிட்டி இல்ல, 1 ஸ்டாப் பிட்) சுத்தமா வருது.

பழைய எக்ஸ்டர்னல் மோடம் ஒண்ணையும் மாட்டி பாத்தேன், அதுக்கு ஃப்ளோ கன்ட்ரோல் ஆன்லயே இருக்கணும், ஏடின்னு (மோடம் இருக்கான்னு கேக்குற கமாண்ட்) அடிச்சு என்டர் தட்டினதும் ஓகேன்னு பதில் வந்துச்சு பாருங்க, அவ்ளோ சந்தோஷம்! வயர் நீளம் மட்டும் கொஞ்சம் பத்தல, ரேக் பின்னாடி போகணும்னா எக்ஸ்டென்ஷன் வேணும். மத்தபடி தாராளமா வாங்கலாம்.